இணையவழிப் புகார்: எழுத்தும் உரிமையும்

நுழையும்முன்

குற்றம் சிறிதாக இருக்கலாம். இழந்தவருக்கு இழப்பு சிறிதன்று. களத்தில் காயவைத்த மிளகு மூட்டை காணாமற்போவதும், பேருந்தில் மதிப்பெண் சான்றிதழ் தவறிப்போவதும் நாளிதழ்களில் இடம்பெறும் செய்திகள் அல்ல. ஆயினும், அவற்றை உரிய இடத்தில் தெரிவிக்கவும் பதில் பெறவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வழிகளுள் ஒன்று இன்று இணையத்தில் திறந்திருக்கிறது. அவ்வழியே செல்லும் எழுத்து எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் கொல்லிமலையை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

மலையும் காவல் நிலையமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து புறப்படும் சாலை எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் சேர்கிறது. மேலே வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு என ‘நாடு’ என்று முடியும் பெயர்களைக் கொண்ட 14 ஊராட்சிகள் உள்ளன. வட்டத்தின் தலைமையிடம் செம்மேடு. மலைமக்களுள் பெரும்பான்மையோர் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். மிளகு, காப்பி, பலா, அன்னாசி, வாழை, சாமை, மரவள்ளி ஆகியவை இங்கு விளைகின்றன. விளைந்தவை சோளக்காடு முதலிய சந்தைகளுக்கு வந்து, அங்கிருந்து சமவெளிக்கு இறங்குகின்றன.

மலைமேல் வாழவந்திநாடு, செங்கரை ஆகிய இடங்களில் காவல் நிலையங்கள் இயங்குகின்றன. ஆனால், ஊர்கள் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு சிற்றூரிலிருந்து நிலையத்திற்குச் செல்ல வேண்டுமானால் சிறிது தொலைவு நடக்க வேண்டும். பின்னர்ப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். சென்ற வேளையில் நிலைய அலுவலர் வேறு பணியின்பொருட்டு வெளியே சென்றிருந்தால் அவர் திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். இவ்வாறு ஒரு நாள் கழிகிறது. நாட்கூலிக்கு உழைப்பவருக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் ஊதியம். காணாமற்போன பொருளின் விலையையும் அதைத் தேடிச் செல்லும் செலவையும் அவர் மனத்திற்குள் ஒப்பிட்டுப் பார்க்கிறார். “போனது போகட்டும்” என்று அமைதியாகிவிடுகிறார். மலைக்கு மட்டும் உரிய நிலை அன்று இது. நிலையத்திலிருந்து தொலைவில் வாழும் எவருக்கும் இக்கணக்கு ஏறத்தாழ இவ்வாறே முடிகிறது.

சொல்லப்படாத இழப்பு

சொல்லாமல் விடப்பட்ட இழப்பு, இழந்தவரோடு முடிந்துவிடுவதில்லை. அதனால் மூவகைத் தீங்குகள் விளைகின்றன.

முதலாவது, பதிவு இல்லாத குற்றம் காவல்துறையின் கணக்கில் நிகழாத குற்றமாகவே நிற்கிறது. ஒரே மாதத்தில் மூன்று ஊர்களில் மூன்று மிளகு மூட்டைகள் களவு போகின்றன எனக் கொள்வோம். மூவரும் புகார் அளித்தால், ஒரே கை மூன்று இடங்களிலும் செயல்பட்டிருக்கலாம் என்பது தெரியவரும். இரவு நேர ரோந்துக்கு அது காரணமாகும். மூவரும் அளிக்காவிட்டால் நான்காவது களவுக்கு வழி திறந்தே இருக்கும்.

இரண்டாவது, களவு போன பொருள் எங்கேனும் கைப்பற்றப்பட்டாலும் அதற்கு உரியவர் யார் என்று அறிய வழியிருப்பதில்லை. புகார் இருந்தால்தான் பொருளும் உரியவரும் ஒன்று சேர இயலும்.

மூன்றாவது தீங்கே மிகக் கொடியது. முறையாக ஆராயப்படாத இழப்பு, ஊருக்குள் ஐயமாக உலவத் தொடங்குகிறது. அவ்வையம் பெரும்பாலும் எளியவர்மீதே சென்று படிகிறது. பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திய ஓர் இளைஞன், வேலை தேடி வந்த ஒரு தொழிலாளி, உறவுப் பின்புலம் இல்லாத ஒரு குடும்பம் ஆகியோரை நோக்கி விரல்கள் நீளுகின்றன. பதிவேட்டில் ஏறிய குற்றச்சாட்டை மறுத்து மெய்ப்பிக்க ஒருவருக்கு வாய்ப்பு உண்டு. வாய்மொழியாக உலவும் ஐயத்தை அவர் யாரிடம் சென்று மறுப்பார்? எனவே, புகார் என்பது இழந்தவருக்கு மட்டுமே உரிய பாதுகாப்பு அன்று. குற்றம் செய்யாதவருக்கும் அதுவே பாதுகாப்பு.

முறையிடும் வாயில்

முறையிடுவோருக்கு வாயில் திறந்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணி அவ்வெண்ணத்தின் அடையாளம். கன்றை இழந்த பசு, மணியை அசைத்ததோடு தன் பணியை முடித்துக்கொண்டது. நிகழ்ந்தது என்ன என்று கேட்டறிந்தவன் அரசன். முறையிடுவது குடியின் செயல். ஆராய்வது அரசின் செயல் என்னும் பாகுபாடு அக்கதையில் தெளிவாக விளங்குகிறது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பயின்று வருகிறது. ஊரைக் காக்கும் பணியையும் அதற்காக மக்கள் செலுத்திய வரியையும் அச்சொல் குறித்தது.

காவல் நிலையத்தில் தெரிவிக்கப்படும் தகவலை எழுத்தில் பதிய வேண்டும் என்னும் நெறி, 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இடம்பெற்றது. இன்று நாம் ‘முதல் தகவல் அறிக்கை’ என வழங்குவதன் வேர் அது. விடுதலைக்குப் பின் 1973ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் 154ஆம் பிரிவு அதனைத் தொடர்ந்தது. பிடியாணை வேண்டாக் குற்றம் நிகழ்ந்திருப்பதைத் தகவல் வெளிப்படுத்துமானால், முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்வது காவல் அலுவலரின் கட்டாயக் கடமை என்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2013ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது.

இணையத்தில் ஒரு நிலையம்

நாட்டிலுள்ள காவல் நிலையங்களைக் கணினி வலைப்பின்னலால் இணைக்கும் திட்டத்திற்கு நடுவண் அரசு 2009ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. குற்றம் மற்றும் குற்றவாளிகளைக் கண்டறியும் வலைப்பின்னல் திட்டம் என்பது அதன் பெயர். நிலையத்தின் தடித்த பதிவேடுகளில் இருந்தவை கணினிக்கு மாறின. அதன் பயனாகப் பொதுமக்களுக்கான இணையச் சேவைகள் பல மாநிலங்களில் உருவாயின. தில்லிக் காவல்துறை 2015ஆம் ஆண்டில் ஊர்தித் திருட்டை இணையத்திலேயே பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அவசரமற்ற காவல் தேவைகளுக்கென 101 என்னும் தனித் தொலைபேசி எண் உள்ளது. உயிருக்கு ஊறு நேரும் அழைப்புகள் சிறு புகார்களுக்கிடையே சிக்கித் தாமதமாகக்கூடாது. சிறு புகார்களும் கேட்பாரற்றுப் போய்விடக்கூடாது. இவ்விரு நோக்கங்களும் அத்தகைய ஏற்பாடுகளுக்கு அடிப்படையாக உள்ளன.

தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம்; அளித்த புகாரின் நிலையை அறியலாம்; முதல் தகவல் அறிக்கையைப் பார்வையிடலாம். கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், ஊர்திப் பதிவுச் சான்று, பள்ளி, கல்லூரிச் சான்றிதழ் போன்றவை தொலைந்துபோனால், ‘தொலைந்த ஆவண அறிக்கை’ பெறவும் அதில் வழியுண்டு. ஆவணம் தவறிப்போனதற்குரிய வசதி அது. களவு போனதாயின் புகாரே அளிக்க வேண்டும்.

நேரில் அளிக்கும் மனுவுக்குக் காவல் நிலையத்தில் மனு ஏற்புச் சீட்டு தருவர். மக்கள் பேச்சில் அது ‘சி.எஸ்.ஆர்.’ என வழங்குகிறது. மனு பெறப்பட்டது என்பதற்கான சான்று அது. முதல் தகவல் அறிக்கை அன்று. இணையவழிப் புகாருக்குக் கிடைக்கும் பதிவெண்ணும் புகார் சென்று சேர்ந்ததற்கான சான்றேயாகும். இவ்வேறுபாட்டை அறியாமையால், எண் கிடைத்தவுடனேயே வழக்குப் பதிவாகிவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். சீட்டானாலும் எண்ணானாலும் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த நிலை என்ன என்று கேட்பதே முறை.

சட்டம் வகுத்த நெறி

2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய நடைமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 173ஆம் பிரிவு, பிடியாணை வேண்டாக் குற்றம் பற்றிய தகவலை வாய்மொழியாகவோ மின்னணுத் தொடர்பு வழியாகவோ அளிக்கலாம் என்கிறது. மின்னணு வழியில் அளித்தவர் மூன்று நாளுக்குள் அதில் கையொப்பமிட்டால் அது பதிவில் ஏற்றப்படும். எனவே, இணையப் புகார் நிலையத்திற்குச் செல்லும் தேவையை முற்றிலும் நீக்கிவிடவில்லை. ஆனால், சொல்ல வேண்டியதை இழப்பு நேர்ந்த அன்றே சொல்லவும், அதற்குரிய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு செல்லவும் அது வழிவகுத்துள்ளது.

குற்றம் எந்த நிலையத்தின் எல்லைக்குள் நிகழ்ந்தது என்பதும் தடையாகாது. சந்தைக்குச் சென்ற இடத்தில் பொருளை இழந்தவர், தம் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். அது உரிய நிலையத்திற்கு அனுப்பப்படும். பதிவான தகவலின் படியைத் தகவல் அளித்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ கட்டணமின்றித் தர வேண்டும் என்பதும் அப்பிரிவின் ஆணை. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் காவல் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடு, முகாந்திரம் உண்டா என அறிய 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தவும் இடமுண்டு.

எல்லாக் குற்றங்களும் ஒரே வகையின அல்ல. திருட்டு பொதுவாகப் பிடியாணை வேண்டாக் குற்றம். ஆனால், களவு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, களவாடியவர் முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், அவருக்குச் சமுதாயப் பணியே தண்டனை எனப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு கூறுகிறது. அத்தகைய திருட்டு, பிடியாணை வேண்டும் குற்றமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. பிடியாணை வேண்டும் குற்றங்களைப் பற்றிய தகவலைக் காவல் அலுவலர் அதற்குரிய ஏட்டில் குறித்துக்கொண்டு, தகவல் அளித்தவரைக் குற்றவியல் நடுவரிடம் செல்லுமாறு கூறுவார்; நடுவரின் ஆணையின்றிப் புலனாய்வு தொடங்க இயலாது. ஆதலால், பொருளின் மதிப்பு என்னும் ஒற்றை வரி புகாரின் போக்கையே தீர்மானிக்கக்கூடும். மதிப்பை மிகைப்படுத்துவது பொய். அறியாமையால் குறைத்து எழுதுவது தன் உரிமையைத் தானே குறைத்துக்கொள்வது. உண்மை மதிப்பைக் கணக்கிட்டு எழுதுவதே நேர்மை.

கண்ணகி காட்டும் இலக்கணம்

புகாரை எவ்வாறு எழுத வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடச் சிலப்பதிகாரத்தை நாடலாம். அக்காப்பியத்தில் இருவர் பாண்டியனிடம் முறையிடுகின்றனர். ஒருவன் பொற்கொல்லன், மற்றவள் கண்ணகி.

அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகப் பொற்கொல்லன் தெரிவிக்கிறான். தன் களவை மறைக்க எழுந்த பொய் அது. அரசனும் அதனை ஆராயாது ஏற்கிறான். விளைவு, குற்றமற்ற கோவலனின் கொலை. புகாரில் பொய் கலந்து, கேட்பவரும் ஆராயத் தவறினால் நேரும் அழிவுக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

கண்ணகியின் முறையீடு வேறு தன்மையது. ஆற்றொணாத் துயரிலும் அவள் தன் ஊர் எது, தன் கணவன் யார், அவன் எதற்காக மதுரைக்கு வந்தான், அவனுக்கு நேர்ந்தது என்ன, தன் பெயர் என்ன என்பவற்றை முறைப்படக் கூறுகிறாள். அடுத்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று ஆராயத்தக்க ஓர் உண்மையை முன்வைக்கிறாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைக்கப்பட்டு மாணிக்கப் பரல் தெறித்ததும் வழக்கு முடிந்துவிடுகிறது. அவளது சினம் நம் நெஞ்சை உலுக்குகிறது. அரசனின் அவையில் வழக்கை வென்றது அவள் காட்டிய சான்று.

யார், எங்கு, எப்போது, என்ன, எதனால் அறிந்தது, சான்று எது ஆகிய ஆறு வினாக்களுக்கும் நேரான விடை தருவதே நல்ல புகார்.

இரு புகார்கள்: ஓர் ஒப்பீடு

கற்பனையான ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஓர் உழவர் களத்தில் வைத்திருந்த மிளகு மூட்டை காணாமற்போகிறது. அவருக்காக ஒருவர் பின்வருமாறு எழுதுகிறார்:

“எங்கள் ஊரில் அடிக்கடி திருட்டு நடக்கிறது. யாருக்கும் பயமில்லை. நான் கஷ்டப்பட்டு விளைவித்த மிளகை மூட்டையோடு திருடிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் வெளியூர்க்காரர்கள்தான் எடுத்திருப்பார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உடனே அவர்களைப் பிடித்துத் தண்டிக்க வேண்டும்.”

இதில் துயரம் இருக்கிறது; தகவல் இல்லை. எந்த நாள், எவ்வளவு மிளகு, எந்த இடம் என்பவற்றுக்கு விடை இல்லை. மாறாக, எவரும் கண்ணால் காணாத ஒன்று, ‘எல்லாரும் சொல்கிறார்கள்’ என்னும் தொடரின் துணையால் சிலர்மீது பழியாக இறங்கியிருக்கிறது. அதே நிகழ்வை மற்றொருவர் இவ்வாறு எழுதுகிறார்:

“பிப்ரவரி 8ஆம் நாள் மாலை 6 மணியளவில், என் வீட்டின் கிழக்கே உள்ள களத்தில் உலர்ந்த மிளகை மூட்டையாகக் கட்டித் தார்ப்பாயால் மூடிவைத்தேன். மறுநாள் காலை 5.30 மணிக்குப் பார்த்தபோது மூட்டை இல்லை. தார்ப்பாய் களத்தின் ஓரத்தில் கிடந்தது. மூட்டையின் எடை 30 கிலோ. அதே அறுவடையின் மற்றொரு மூட்டையை முந்தைய வாரம் கிலோ 600 ரூபாய்க்குச் சந்தையில் விற்றேன். அதன்படி இழப்பின் மதிப்பு 18,000 ரூபாய். விற்பனைச் சீட்டின் படம் இணைத்துள்ளேன். மூட்டை வெள்ளை நிறச் சாக்கு. வாய்ப்பகுதி சிவப்பு நூலால் தைக்கப்பட்டது. இரவு 2 மணியளவில் சரக்கு ஊர்தி ஒன்றின் ஓசையைக் கேட்டதாக அண்டை வீட்டார் கூறினர். நான் அதைக் கேட்கவில்லை. எவர்மீதும் ஐயம் கொள்வதற்குரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.”

இரண்டாம் புகாரில் எழுதியவர் தாம் கண்டதையும் பிறர் கூறக் கேட்டதையும் வேறுபடுத்தியிருக்கிறார். மதிப்பை மட்டும் கூறாமல், அம்மதிப்பை அடைந்த கணக்கையும் காட்டியிருக்கிறார். மூட்டையை அடையாளம் காண நிறமும் நூலும் உதவும். புலனாய்வு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு ஊர்தியின் ஓசை ஒரு தடயம். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதிய இறுதித் தொடர், பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களை வீண்பழியிலிருந்து காத்திருக்கிறது.

ஐயம் கொள்ள உண்மையான காரணம் இருப்பின், அக்காரணத்தை எழுதலாம். அதனை முடிவாக எழுதக்கூடாது. ஒருவருக்குத் தீங்கு நேரட்டும் என்னும் நோக்கில் பொய்த்தகவல் அளிப்பது தண்டனைக்குரிய குற்றம். ஐயத்துக்குரியவர் என்று ஒருவரின் படத்தைச் சமூக ஊடகங்களில் பரப்புவதும் தகாது. காவல் நிலையத்திற்குச் செல்லும் புகாரை ஆராய அலுவலர் உண்டு. ஊரெங்கும் பரவும் படத்தை ஆராய எவரும் இல்லை.

இணையத்தில் காத்திருக்கலாகாதவை

இணையவழிப் புகார், நிகழ்ந்து முடிந்த, உடனடி ஆபத்து இல்லாத குற்றங்களுக்கே உரியது. கண்முன் அடிதடி நடக்கும்போதும், வீட்டினுள் கள்வர் இருக்கும்போதும், ஒருவரைக் காணவில்லை என்னும்போதும் படிவம் நிரப்பிக்கொண்டிருத்தல் கூடாது. அவசர உதவிக்கு 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். துன்புறும் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய உதவி எண்கள் உள்ளன.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் மோசடியாக எடுக்கப்பட்டால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிச் செல்வதற்குள் அதனை முடக்குவதே மீட்பதற்குரிய வழி. இதில் தாமதம் இழப்பைப் பெருக்கும். இணையவழிக் குற்றங்களுக்கென நடுவண் அரசின் தேசிய இணையதளம் 2019ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது.

அலைபேசி தொலைந்தாலோ களவு போனாலோ, புகார் அளிப்பதோடு, தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தின் வழியாக அக்கருவியை முடக்கலாம். அதற்குக் கருவியின் 15 இலக்க அடையாள எண் தேவை. அலைபேசி கையில் இருக்கும்போதே உடுக்குறி, எண்குறி, 06, எண்குறி ஆகியவற்றை வரிசையாக அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். அதை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருப்பது நன்று.

பதில் வராதபோது

புகார் அளிப்பதோடு குடியின் பணி முடிவதில்லை. பதிவெண்ணைக் கொண்டு அதன் நிலையை அவ்வப்போது பார்த்துவர வேண்டும். பிடியாணை வேண்டாக் குற்றம் பற்றிய தகவலைப் பதிவு செய்ய நிலையத்தில் மறுக்கப்பட்டால், அதன் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அங்கும் தீர்வு கிட்டாவிடின் குற்றவியல் நடுவரிடம் விண்ணப்பிக்கலாம். வழக்குப் பதிவாகிப் புலனாய்வு தொடங்கியபின், அதன் முன்னேற்றத்தைத் தகவல் அளித்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என 193ஆம் பிரிவு கூறுகிறது. மின்னணு வழியிலும் அதனைத் தெரிவிக்கலாம். கேட்டுப் பெறுவது வம்பு வளர்ப்பதாகாது. சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்துவதாகும்.

> தெரிந்து தெளிவோம்
>
> பதிவாகும் முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்திற்குள் காவல்துறையின் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என உச்சநீதிமன்றம் 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் ஆணையிட்டது. பாலியல் குற்றம், தீவிரவாதம் முதலிய நுண்ணிய வழக்குகளுக்கு விலக்கு உண்டு. நில அமைப்பின் காரணமாக இணையத் தொடர்பு கிடைப்பது அரிதாக உள்ள பகுதிகளுக்கு மட்டும் கால வரம்பு 72 மணி நேரம்வரை நீட்டிக்கப்பட்டது. மலையும் பள்ளத்தாக்கும் உள்ள பகுதிகளின் இடர்ப்பாட்டைத் தீர்ப்பே கருத்தில் கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது.

எழுதத் தெரிந்தவரின் கடமை

மலைச்சரிவுகளில் அலைபேசி அலைவரிசை எங்கும் சீராகக் கிடைப்பதில்லை. திறன்பேசி இல்லாத வீடுகளும் உண்டு. திறன்பேசி இருந்தும் படிவத்தை நிரப்பத் தெரியாத முதியோர் பலர். ஆகவே, இணைய வாயில் திறந்த காரணத்தால் நிலையத்தின் கதவு அடைபட்டுவிடலாகாது. நேரில் சென்று வாய்மொழியாகச் சொல்லும் உரிமையைச் சட்டம் அப்படியே காத்திருக்கிறது. வாய்மொழித் தகவலை அலுவலர் எழுத வேண்டும். எழுதியதைத் தகவல் அளித்தவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். அதன்பின்னரே கையொப்பம் பெற வேண்டும் என்பது சட்டத்தின் நெறி.

படித்துக்காட்டுதல் என்னும் அந்நெறி மாணவர்க்கும் உரியது. கொல்லிமலையானாலும் சமவெளிச் சிற்றூரானாலும், குடும்பத்தில் முதன்முதலாக மேல்நிலைக் கல்விக்கு வந்த மாணவரே பல வீடுகளில் எழுத்தர். முதியோர் உதவித்தொகை மனு முதல் வங்கிப் படிவம் வரை அவர் கையால்தான் நிரப்பப்படுகின்றன. நாளை ஒருநாள் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் இழப்பைச் சொல்லி எழுதித் தருமாறு கேட்கக்கூடும். அப்போது அவர் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும். அவர் சொல்லாத ஐயத்தை நாம் சேர்க்கவும் கூடாது; அவர் சொன்ன உண்மையை நம் வசதிக்காகச் சுருக்கவும் கூடாது. ‘அனுப்பு’ என்னும் பொத்தானை அழுத்துமுன் முழுவதையும் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். அவரது அலைபேசிக்கு வரும் பதிவெண்ணைத் தாளில் பெரிதாக எழுதி அவரிடமே தர வேண்டும். மூன்று நாளுக்குள் கையொப்பமிட வேண்டும் என்பதையும் நினைவூட்ட வேண்டும்.

கற்ற மொழி தேர்வுத்தாளில் மதிப்பெண்ணாக மாறுவது ஒரு பயன். எழுதத் தெரியாத ஒருவரின் சொல், குறையாமலும் கூடாமலும் உரிய இடத்தைச் சென்றடைய உதவுவது அதனினும் பெரிய பயன்.

சொல்லும் பொருளும்

பிடியாணை வேண்டாக் குற்றம் – நீதிமன்ற ஆணையின்றிக் காவல் அலுவலர் கைது செய்யவும் புலனாய்வு நடத்தவும் இடந்தரும் குற்றம்
பிடியாணை வேண்டும் குற்றம் – நீதிமன்ற ஆணை இருந்தால் மட்டுமே கைதும் புலனாய்வும் நிகழத்தக்க குற்றம்
முகாந்திரம் – வழக்குத் தொடர்வதற்குரிய அடிப்படைக் காரணம்
பரல் – சிலம்பினுள் இடும் மணி
உடுக்குறி – விண்மீன் வடிவக் குறியீடு

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி அடையாள அட்டை பேருந்தில் தவறிவிட்டதாகக் கொண்டு, ஆறு வினாக்களுக்கும் விடை அமையுமாறு ஒரு தகவலை எழுதுக.
2. இப்பாடத்திலுள்ள இரு புகார்களையும் வகுப்பில் படித்து, கண்டவை, கேட்டவை, ஊகித்தவை எனத் தொடர்களைப் பகுத்துப் பட்டியலிடுக.
3. உங்கள் வீட்டிலுள்ள அலைபேசிகளின் அடையாள எண்களைக் கண்டறிந்து வீட்டுக் குறிப்பேட்டில் எழுதிவைக்க.

மதிப்பீடு

*குறுவினா*

1. ‘பாடிகாவல்’ – குறிப்பு வரைக.
2. பதிவெண் பெறுவதற்கும் முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

*சிறுவினா*

1. சொல்லப்படாத இழப்பால் விளையும் தீங்குகளை எழுதுக.
2. களவு போன பொருளின் மதிப்பைச் சரியாகக் குறிப்பிட வேண்டியதன் தேவையை விளக்குக.

*நெடுவினா*

1. பொற்கொல்லன், கண்ணகி ஆகிய இருவரின் முறையீடுகளை ஒப்பிட்டு, நல்ல புகாரின் இயல்புகளைத் தொகுத்துரைக்க.
2. ‘புகார் என்பது குற்றம் செய்யாதவருக்கும் பாதுகாப்பு’ – இக்கூற்றை உங்கள் ஊர்ச் சூழலோடு பொருத்திக் கட்டுரை வரைக.